லோக்கல் இந்தியன்: கிள்ளான் பள்ளத்தாக்கில் மாடு வளர்த்தவர்கள்

போன பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, பாட்டி எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் உள்ள ஒரு பண்ணைக்குப் போனோம். பண்ணை என்றால் விளைச்சல் பண்ணை இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கையில் ஒரு சின்னக் கூடை தருவார்கள். அதில் கேரட் துண்டு, கங்கோங் கீரை, கொஞ்சம் உருண்டைத் தீவனம். பிள்ளைகள் முயலுக்கும் ஆட்டுக்கும் மானுக்கும் கையாலேயே ஊட்டலாம். கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்கலாம், அதற்குத் தனிக் காசு. அக்கா மகள் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் கைப்பேசியை எடுத்தோம். பாட்டி மட்டும் வேலிக்குப் பக்கத்தில் போய், அங்கே வேலை செய்த பையனிடம் மலாயில் கேட்டார்: "அடிக், மாக் டியா மானா?" தம்பி, இதோட அம்மா எங்கே? அவன் சிரித்துவிட்டு எங்கேயோ பின்னால் கையைக் காட்டினான். பாட்டி என் பக்கம் திரும்பினார். "காசு குடுத்து நாம இதுக்குப் பால் ஊட்டுறோம். அப்ப இதோட ஆத்தா பால யாருடா குடிக்கிறா?"

அவர் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்குக் குறையாமல் மாடு வைத்திருந்தவர். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் இந்த மாதிரி இடங்களின் கதை. காசு கொடுத்து விலங்குக்குத் தீனி ஊட்டும் பழக்கம் நகரத்துக்காரர்கள் கண்டுபிடித்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி திறந்தது 1938ல். பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் தம்பிகள் இருவர், அப்போது சிறுவர்கள், அதைத் திறந்துவைத்தார்கள். அவர்களுடைய அப்பா அன்றைக்கு லண்டனில் அமெரிக்கத் தூதர். அதே ஆண்டில் பிலடெல்பியாவிலும் குழந்தைகள் காட்சிசாலை வந்தது. தொழிற்சாலை நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆட்டின் மூக்கு ஈரமாக இருக்கும் என்பதே தெரியாமல் போன பிறகு, அதைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. நம் பக்கத்தில் 1938 வேறு காரணத்துக்காக நினைவில் இருக்கும் ஆண்டு. அந்த ஜூன் மாதத்தில்தான் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலிகளை உதவிப் பயணத்தில் அனுப்புவதை நிறுத்தியது. லண்டன் பிள்ளை மாட்டைப் பார்க்க வரிசையில் நின்ற நேரத்தில், கிள்ளான் தோட்டங்களில் நம்முடைய ஆட்கள் பொழுது விடியும் முன்னே மாட்டுக்கடியில் குந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்ரீ கெம்பாங்கானும் லேசுப்பட்ட இடம் இல்லை. பழைய பெயர் செர்டாங் புதுக்கிராமம். அவசரகாலத்தில் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்து மக்களைக் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடிவைத்த இடங்களில் பெரியவற்றுள் ஒன்று. அதற்குப் பக்கத்தில் 1931ல் ஆங்கிலேயர் தொடங்கிய விவசாயப் பள்ளி இருக்கிறது. அதுதான் பிறகு கல்லூரியாகி, 1971ல் பல்கலைக்கழகமாகி, இன்று புத்ரா பல்கலைக்கழகம். நான் நான்கு வருடம் பொறியியல் படித்தது அங்கேதான். வகுப்புக்குப் போகும் வழியில் புல்வெளியில் மாடு மேயும். ஆய்வு மாடுகள். அவற்றுக்குக் காதில் எண் இருக்கும், ஏட்டில் வம்சாவளி இருக்கும். இந்த வம்சாவளி விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் ஆட்களின் மாட்டுக் கதை பாலில் தொடங்கவில்லை, வண்டியில் தொடங்குகிறது. 1881ல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அதன்பிறகு அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். செங்கல் சூளைகள் வந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். செங்கல்லையும் ஈயத்தையும் இழுத்தவை மாட்டு வண்டிகள். 1886ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. நீண்ட தூரச் சுமையை ரயில் எடுத்துக்கொண்டது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு, சூளையிலிருந்து கட்டடத்துக்கு என்று வண்டி மாடு இன்னும் பல காலம் ஓடியது. வண்டி ஓட்டியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள், சீக்கியர்களும் இருந்தார்கள். கல்கத்தா வழியாகக் கப்பலேறி வந்ததால் சீக்கியர்களை மலாயாவில் 'பெங்காலி' என்றே அழைத்தார்கள். பழைய ஆட்கள் பேச்சில் 'பெங்காலி பால்' என்று வந்தால் அது வங்காளத்துப் பால் இல்லை, பஞ்சாபியர் கறந்த எருமைப் பால். பட்டணத்துப் பால் வியாபாரத்தில் அவர்கள் கை பெரிது. தமிழர்களின் கை பெரிதாக இருந்தது தோட்டத்தில்.

இங்கே மலேசியத் தமிழில் உள்ள ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு இது உடனே புரியாது. தோட்டத்தில் 'பால்' என்றால் ரப்பர் பால். 'பால் வெட்டப் போறேன்', 'பால் நிறுக்குற நேரம்', 'மழை வந்து பால் கெட்டுப்போச்சு' எல்லாமே மரத்துப் பாலைப் பற்றிய பேச்சு. ரப்பர் மரமே பால்மரம்தான். அகிலன் இங்கே வந்து பார்த்து எழுதிய நாவலுக்கும் 'பால்மரக் காட்டினிலே' என்றுதான் பெயர் வைத்தார். அதனால் பசுவின் பாலைச் சொல்லும்போது பாட்டி இன்றைக்கும் 'மாட்டுப்பாலு' என்று அடைமொழி போட்டுத்தான் சொல்வார். முதல் பால் துரையுடையது. இரண்டாவது பால் நம்முடையது.

நம்முடையது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளிக்கு வேறு எது சொந்தம்? லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போய்விடும். மரம், நிலம், கோயில் நிற்கிற இடம் எல்லாம் கம்பெனியுடையது. மாடு மட்டும்தான் அவன் பெயரில் இருந்த முதல். அது குட்டி போடும், விற்றால் காசாகும், இடம் மாறினால் கூடவே நடந்து வரும்.

ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டத்தில் இதற்கு ஒரு சின்ன இடமும் இருந்தது. குடும்பம் உள்ள ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்டம் போடவோ மேய்ச்சலுக்கோ நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் 2,722 சதுர அடி. மூன்று பூப்பந்து மைதானங்களைச் சேர்த்தால் வருவதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஒரு பசு அதில் ஒரு வாரம் மேய்ந்தாலே மண்தான் மிஞ்சும். கருணையால் வந்த சட்டம் என்று நான் நினைக்கவில்லை. 1928ல் தரச் சம்பளம் ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930ல் ரப்பர் விலை சரிந்ததும் அதையும் 40, 32 என்று இறக்கினார்கள். இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் உயிரோடு இருக்க வேண்டுமானால் மீதியை அதுவே விளைவித்தும் கறந்தும் கொள்ள வேண்டும். மாடு தந்த பால் கூலியின் ஓட்டையை அடைத்தது. அடைபட்டதால் கூலி உயராமலே இருக்க முடிந்தது. இதைப் பாட்டியிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "மாடு இல்லாம ஒங்கம்மா படிச்சிருப்பாளா?" என்பார். இரண்டும் உண்மைதான்.

அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்குக் கொட்டகை. சாணி அள்ளி, மடி கழுவி, கன்றை விட்டு ஊட்டவைத்து, இழுத்துக் கட்டி, கறந்து முடித்து ஐந்தரைக்குப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பால் வெட்டி, நிறுத்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு வைத்துவிட்டுப் புல்லறுக்கப் போவார். வெட்டுக் காட்டின் ஓரம், தண்டவாள ஓரம், கால்வாய்க் கரை. தாத்தா சைக்கிளில் இரண்டு சாக்குப் புல் கட்டிக் கொண்டுவருவார். சாயங்காலம் மறுபடி கறக்க வேண்டும். நல்ல மாடு இரண்டு வேளையும் சேர்த்து நாலைந்து போத்தல் தரும். போத்தல் என்றால் பழைய சோயாசாஸ் போத்தலோ பீர் போத்தலோதான். கழுவிக் காயவைத்து, வாயில் வாழை இலையைச் சுருட்டி அடைத்து, கிராணி வீட்டுக்கு ஒன்று, ஆஸ்பத்திரி டிரெசர் வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. மீதி காப்பார் பட்டணத்துக் காப்பிக் கடைக்கு. வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "மோருதான்" என்றார்.

தாத்தா நாள்முழுக்க வெளிக்காட்டு வேலையில் இருந்ததால் மாட்டு வேலையில் முக்கால்வாசி பாட்டியுடையது. பால் காசும் அவர் கையில். சம்பளம் தாத்தா பெயரில் வரும், அதில் கள்ளுக்கடைக்கும் பங்கு உண்டு. பால் காசில் யாருக்கும் பங்கில்லை. துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்டினார்களே, எங்கள் வீட்டில் அது பால் காசுதான். அந்தச் சங்கத்தின் வரலாற்றைப் பேசும்போது தொழிலாளியின் சேமிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தச் சேமிப்பு எந்தக் கையிலிருந்து வந்தது என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் மாடு சுதந்திரம் மட்டும் இல்லை, மூக்கணாங்கயிறும்கூட. அது மாட்டின் மூக்கில் மட்டும் இருக்கவில்லை. மேய்ச்சல் நிலம் நிர்வாகத்தின் தயவு. இளங்கன்று ரப்பரை மாடு கடித்தால் தண்டம். எத்தனை மாடு வைக்கலாம் என்பது துரையின் வாய்ச்சொல். பாட்டி சொன்ன ஒரு வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது: "மாடு வெச்சிருக்கிறவன் தண்டல்கிட்ட வாய் பேச மாட்டான்."

இதை மனதில் வைத்துக்கொண்டு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைத் திரும்பப் படித்தேன். ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்வைத்த கோரிக்கைகள் தெரிந்தவைதான்: சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், தமிழ்ப் பள்ளிக்கு நல்ல ஏற்பாடு, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு. கூடவே ஒன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. பால் போத்தலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு மண் சடக்கில் போகிற ஒருவர், கிராணியின் தலை தெரிந்தாலே இறங்கி நிற்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் வேடிக்கை போய்விடுகிறது. அந்த மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கோரிக்கைப் பட்டியலில் மாடு இல்லை. இழக்க ஏதாவது இருந்தவர்கள் அந்த நாட்களில் என்ன யோசித்தார்கள் என்பதைப் பட்டியல்கள் சொல்வதில்லை.

ஆவணத்தில் நம் பால்காரரைத் தேடினால் அவர் எங்கே கிடைக்கிறார் தெரியுமா? நீதிமன்றச் செய்தியில். கோலாலம்பூரில் 1890ல் சுகாதார வாரியம் வந்தது. பாலில் தண்ணீர் கலப்பதைப் பிடிப்பது இப்படிப்பட்ட வாரியங்களின் வழக்கமான வேலைகளில் ஒன்று. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் மின்பதிப்பைப் புரட்டினால் இன்ன தமிழர், இன்ன பெங்காலி, பாலில் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு வெள்ளி அபராதம் என்று ஒற்றைப் பத்திச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் கலந்தார்களா என்றால், கலந்தார்கள், பாட்டியே ஒத்துக்கொள்வார். ஆனால் ஒரு தலைமுறையே நகரத்துக்குப் பால் ஊற்றியதற்குச் சாட்சியாக அந்த அபராதச் சீட்டுகள் மட்டும் மிஞ்சியிருப்பது உறுத்துகிறது.

சரி, அந்த மாடுகள் எவை? நாட்டு மாடு கெடா-கிளந்தான். சின்ன உருவம், கறிக்கும் உழவுக்கும் ஆகும், பாலுக்கு ஆகாது. நம் ஆட்களின் கொட்டகையில் நின்றது இந்தியாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்து, இங்கேயே பல தலைமுறையாகக் கலந்து பெருகிய திமில் மாடு. அதற்குக் கால்நடைத் துறை நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது: 'லோக்கல் இந்தியன் டெய்ரி'. சுருக்கமாக எல்ஐடி. பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது இந்தப் பெயரை முதலில் பார்த்தேன். லோக்கல், இந்தியன், இரண்டும் ஒரே மூச்சில். மாட்டுக்கு அதில் எந்தச் சிக்கலும் வரவில்லை. அதை வளர்த்தவர்களில் எத்தனை பேர் 1957க்குப் பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு, வேலைக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டு வரிசையில் நின்றார்கள்! 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளிகள் பட்ட பாட்டை நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். மாடு லோக்கல் ஆகிவிட்டது, மாட்டுக்காரர் ஆகவில்லை.

எல்ஐடி மாட்டின் எதிரி புலியோ நோயோ இல்லை, டின். டின் பால் அதற்கு முன்பே கடைகளில் இருந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லும் விளம்பரத்தைக் கண்டித்து 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் பேசிய பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. அதை விட்டுவிடுவோம். நெஸ்லே தன் முதல் மலாயா ஆலையைப் பெட்டாலிங் ஜெயாவில் திறந்தது 1962ல். அடுத்த ஆண்டே டச்சுக் கம்பெனியின் பால் ஆலையும் அதே ஊரில் வந்தது. டப்பாவில் அடைபட்டது பெரும்பாலும் வெளிநாட்டுப் பால்தூளிலிருந்து ஆக்கிய பால். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் கெடாது, விலையும் குறைவு, காப்பிக் கடைக்காரருக்கு விடியற்காலை யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு டப்பாவின் மேலே பால் பானையைத் தலையில் சுமந்த ஐரோப்பியப் பெண்ணின் படம். காப்பார் காப்பிக் கடைக்கு என் பாட்டி கொண்டுபோன போத்தல்களை நிறுத்தியது அந்தப் பெண்தான். நாம் தேசியப் பானம் என்று பெருமைப்படும் தே தாரிக்கில் பசு எங்கேயும் இல்லை, டின்தான் இருக்கிறது. எனக்கும் அந்த ருசிதான் பிடிக்கிறது, என்ன பண்ணுறது.

1970களில் அரசாங்கம் உள்ளூர்ப் பாலை வளர்க்கப் பார்த்தது. கால்நடைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களைத் திறந்தது. சிறு பண்ணைக்காரர்கள் அங்கே கொண்டுபோய் ஊற்றலாம், தரம் பார்த்துக் காசு. எல்ஐடியோடு பிரீசியனைக் கலந்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாகிவால்-பிரீசியன் கலப்பினம் கப்பலில் வந்தது. சாகிவால் பஞ்சாபின் மாடு. ஆக ஒரு பஞ்சாப் மாடு ஆஸ்திரேலியா சுற்றி, கலப்பாகி, உயர்ந்த சாதியாகி, நம் கொட்டகைக்கே வந்தது. மேற்குக் கரையில் இந்தத் திட்டத்தில் பால் ஊற்றியவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள், தோட்டத்திலும் தோட்ட ஓரத்திலும் மாடு வைத்திருந்தவர்கள். பாலுக்கு வழி பிறந்தது. தீவனத்துக்கும் வழி இருந்தது: தவ்ஃபூ ஆலையின் சோயாச் சக்கை, பீர் ஆலையின் பார்லிச் சக்கை, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. நகரத்தின் கழிவைப் பாலாக மாற்றும் ஒரு ஏற்பாடு எந்தப் பொறியாளரும் வரையாமலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இல்லாமல் போனது நிலம். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரைபடத்தைக் கொஞ்சம் சுரண்டினால் போதும், அடியில் தோட்டத்தின் பெயர் தெரியும். 1978ல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயாவும் யுஎஸ்ஜேயும் சீஃபீல்டு தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கில அதிகாரிகள் 1921ல் தொடங்கியதால் பிராங் பெசார், 'பெரிய போர்' என்று பெயர் பெற்ற தோட்டம்தான் இன்று புத்ராஜெயா. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆனது. புத்ராஜெயாவுக்காக வெளியேறிய தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அந்தக் கட்டடங்களின் விரிசல் எத்தனை முறை நாளிதழில் வந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஆட்குறைப்புக்குச் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். மழை நாளில் வேலை இல்லாத, நாள் கூலிக்காரரின் 20 நாள். இந்தக் கணக்கில் மாட்டுக்குக் கட்டம் இல்லை. கொட்டகைக்கு இல்லை. முப்பது ஆண்டு சாணி போட்டுப் பண்படுத்திய புல் கரைக்கு இல்லை. சட்டப்படி அது வருமானமே இல்லை. ஏனென்றால் அது சம்பளச் சீட்டில் வந்ததில்லை. எங்கள் குடும்பம் இருந்த தோட்டம் 1996ல் வீடமைப்புக்குப் போனது. அன்றைக்குப் பாட்டியிடம் மூன்று பசுவும் இரண்டு கன்றும் இருந்தன. கிடைத்தது ஏறக்குறைய 650 சதுர அடியில், நாலாவது மாடியில் ஒரு வீடு. 2,722 சதுர அடி விதி எப்போதோ காகிதத்தோடு போய்விட்டது. மாடுகள் ஒரே நாளில் வியாபாரியின் லாரியில் ஏறின. அவசரமாக விற்பவருக்கு என்ன விலை கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்று சினைமாடு.

எரிச்சல் வரவைக்கும் பகுதி இனிமேல்தான். தோட்டத்தில் மாடு மேய்ந்தால் மரத்துக்குக் கேடு, சுத்தம் இல்லை என்று தொழிலாளியின் மாட்டை ஒதுக்கிய அதே துறை, செம்பனைக்கு மாறிய பிறகு ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது: செம்பனைக்கடியில் மாட்டை முறையாக மேயவிட்டால் களை குறையும், களைக்கொல்லிச் செலவு குறையும். ரப்பருக்கடியில் செம்மறியாடு விட்டு ஆராய்ச்சி நடந்தது. செம்பனையில் 'மாடு ஒருங்கிணைப்பு' என்ற பெயரில் மின்வேலியும் அறிக்கையும் கருத்தரங்குமாகத் திட்டம் வந்தது. காப்பாரில் இதற்குப் பெயர் மாடு மேய்க்கிறது. 2010ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கைக்குப் பிறகு, தேசிய மாட்டுப் பண்ணைத் திட்டத்துக்குக் கொடுத்த 25 கோடி ரிங்கிட் கடனைப் பற்றி நாடே பேசியது. அதில் ஒரு பகுதி சொகுசு அடுக்குமாடி வாங்கப் போனதாக எழுந்த சர்ச்சையில், மாடு கொண்டோவில் வாழ்கிறது என்று ஜோக் அடிக்காத ஆள் இல்லை. வழக்கு கடைசியில் விடுதலையில் முடிந்தது. அடுக்குமாடியில் மாட்டுக்கு இடமில்லை என்பது எங்கள் நாலாவது மாடியில் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே தெரியும்.

பாட்டியின் கேள்விக்குப் பதிலும் கிட்டத்தட்ட இங்கேதான் இருக்கிறது. நம் செம்பனை ஆலைகளில் மிஞ்சும் கொட்டைப் புண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்துக்குப் போகிறது. அங்கே பசுக்கள் தின்கின்றன. அந்த நாட்டுப் பால் தூளாகி, மூட்டையாகி, போர்ட் கிள்ளானில் வந்து இறங்குகிறது. ஆலையில் டின் ஆகிறது, கடையில் தே தாரிக் ஆகிறது. இங்கிருந்து ஆக்லாந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டர் சொச்சம், ஒரு வழிக்கு. இதே புண்ணாக்கைத் தாத்தா காப்பார் ஆலையிலிருந்து சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் மிதித்துக் கொண்டுவருவார்.

நம் இலக்கியத்தில் இந்த மாடுகள் எங்கே நிற்கின்றன என்றும் பார்க்க ஆசை. தோட்டத்தைப் பற்றிய நம் நாவல்களில் கங்காணி இருக்கிறார், கள்ளு இருக்கிறது, சயாம் மரண ரயில் இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யில் அவசரகாலத்தின் முள்வேலி இருக்கிறது. என் வாசிப்பில் மாடு பெரும்பாலும் ஓரத்தில் கட்டிக் கிடக்கிறது, காட்சிக்கு ஒரு பின்னணியாக. மரத்துப் பால் துன்பத்தைச் சொல்லத் தோதாக இருந்தது. மாட்டுப்பால் கொஞ்சம் சொத்தையும் கொஞ்சம் தந்திரத்தையும், பெண்ணின் கையிலிருந்த காசையும் சொல்லும். துன்பத்தின் கதைக்குள் அது சுலபமாக அடங்காது. யாராவது நண்பர்கள் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

மாட்டுக்காரர்கள் முழுக்கப் போய்விடவில்லை. கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே நீளமாக ஓடும் புல்வெளியில் மாடு மேய்வதை வேலைக்குப் போகும்போது பார்ப்பேன். வீடு கட்டக் கூடாத நிலம் என்பதால்தான் அங்கே புல் மிஞ்சியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை வண்டியை ஓரம்கட்டி அந்த அண்ணனிடம் பேசினேன். அறுபது வயது இருக்கும், அப்பா காலத்திலிருந்து மாடு. பதினெட்டு உருப்படி. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் பாலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள், மற்ற நாட்களில் கோயில்களும் சில பழைய வாடிக்கையும். ரோட்டுக்கு ஒரு கன்று போனாலும் நகராண்மைக் கழகம் பிடித்துப் போய்விடுமாம், மீட்கத் தண்டம். தற்காலிக நில அனுமதி கேட்டு இரண்டு முறை மனு போட்டிருக்கிறார்.

நான் எஞ்சினியர் என்று தெரிந்ததும் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். உத்தரத்தில் செருகி வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். மின்பாதைக்குக் கீழே அனுமதியில்லாத கட்டுமானம் இருக்கிறது, அகற்ற வேண்டும் என்று மலாயில் எழுதியிருந்தது. "தம்பி, நீங்க படிச்சவரு. நாலு பலகைத் தூணும் தகரமும். இது கட்டுமானமா?"

விதிப்படி ஆமாம் என்றேன். தகரத்துக்கும் கம்பிக்கும் இருக்க வேண்டிய இடைவெளியைச் சொன்னேன், தூணைக் குட்டையாக்கி இன்னும் ஓரமாகத் தள்ளிப் போட்டால் மனுவில் என்ன எழுதலாம் என்று அளந்து ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். அவர் அதைக் கடிதத்தோடு சேர்த்து மடித்து மறுபடி உத்தரத்தில் செருகினார். கன்றை அவிழ்த்துவிட்டார். கறக்கும் நேரமாகிவிட்டது.